ஐந்தாம் அறையில் இரண்டு பேர்

அவளை வீட்டில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பரீட்சை எழுதும்போதுகூட இவள் வாய் ஓயாமல் முணுமுணுக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வைத்த பெயர். அது அப்படியே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. பெற்ற அம்மாவே ஆசையாகப் பார்த்து வைத்த பெயரைக் கைவிட்டு, "ரேடியோ, சாப்பிட வா" என்று கூப்பிட ஆரம்பித்து வருடங்கள் ஆகிவிட்டன.

ரேடியோவுக்கு வேலை, காது மெஷின் விற்கும் கடையில். அந்தக் கடையில் அவளைவிடப் பொருத்தமான ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. கேட்காத காதோடு வருகிறவர்களிடம் நாள் முழுக்க உரக்கப் பேசுவதற்குச் சம்பளமும் கொடுத்தால் அவள் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறாள்? ஆனால் தொண்டை அந்த அளவுக்கே பழகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றால் பஸ்ஸே தள்ளி உட்காரும்.

அன்றைக்கு அவள் முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர், விசில் ஊதி ஊதியே காதைக் கெடுத்துக்கொண்டவர். புதிய மெஷினை அவர் காதில் பொருத்திவிட்டு, "இப்ப ரொம்ப மெதுவாப் பேசப்போறேன், கேக்குதான்னு சொல்லுங்க" என்றாள் ரேடியோ. அதே நேரம் மேசைமேல் இருந்த அவளுடைய போன் முனகியது. ஓரக்கண்ணால் பார்த்தாள். மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருந்தது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு.

மெதுவாகப் பேசுவதாகச் சொன்னவள் வீல் என்று கத்தினாள்.

பெரியவர் நாற்காலியோடு துள்ளி விழப்போனார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "யாரும்மா, யாரு கோல் போட்டது?" என்றார்.

உள்ளேயிருந்து முதலாளியம்மா ஓடிவந்தார். ரேடியோ அவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் குலுக்கினாள். பெரியவர் காதைத் தடவிக்கொண்டே, "இதையே கொடுத்துரும்மா. இதுக்குமேல என்ன கேக்கணும்?" என்று பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

அவள் அப்படிக் கத்தியதற்குக் காரணம் இருந்தது. இது அவளுக்கு மூன்றாவது முயற்சி. எழுத்துத் தேர்வில் அவளை யாரும் அசைக்க முடியாது. கவிழ்ந்ததெல்லாம் நேரில் பேசும் இடத்தில்தான். முதல் தடவை, "ஏன் டாக்டராகணும்?" என்று கேட்டார்கள். அந்தப் பதிலை அவள் முடிப்பதற்குள் நேரமே முடிந்துவிட்டது. இரண்டாவது கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இரண்டாவது தடவையும் கிடைக்காதபோது, காரணம் கேட்டுக் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த அம்மாள் தயங்கித் தயங்கி, "நல்லாப் பேசறாங்கன்னு குறிச்சிருக்காங்கம்மா. ஆனா எதிர்ல இருக்கறவங்க சொல்றதைக் கேக்கறதில்லைன்னும் போட்டிருக்காங்க" என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அவள் வாய் திறக்கவில்லை. தங்கச்சிதான் திறந்தாள். "காது மெஷின் கடையில இருக்கறவளுக்கே காது கேக்கலையாம்!"

அழுதுகொண்டிருந்த ரேடியோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உண்மையில் அவள் டாக்டராக ஆசைப்பட்டதும் அந்தக் கடையில்தான். மெஷினை மாட்டியதும் சிலர் முகம் மாறும். ஒருவர் தன் சட்டை உரசும் சத்தத்தைக் கேட்டுச் சட்டையையே திரும்பத் திரும்ப உரசிப் பார்த்தார். ஒரு அம்மாள் தன் மகனின் குரல் இவ்வளவு கட்டையாகிவிட்டதா என்று வியந்துபோனார். அதெல்லாம் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் சிலருக்கு எந்த மெஷின் மாட்டினாலும் முகம் மாறாது. அவர்களைத் திருப்பி அனுப்பும்போது, அந்தக் காதுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தே தீரவேண்டும் போல இருக்கும்.

இந்தத் தடவை வீட்டில் எல்லோரும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். அம்மா ஒரு பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். தங்கச்சி கல்லூரியில் கணக்கு படிக்கிறாள், ஆனால் மனசெல்லாம் நாடகத்தில். தினமும் சாயங்காலம் கூடத்தில் மூன்று நாற்காலி போட்டு ஒத்திகை நடந்தது.

"நீங்க ஏன் டாக்டராகணும்?" என்று அப்பா குரலைக் கனமாக்கிக் கேட்பார்.

"அது வந்து சார், நான் ஒரு கடையில வேலை பாக்கறேன், அங்க ஒரு நாள் என்ன ஆச்சுன்னா, அன்னிக்கு மழை வேற, எங்க முதலாளியம்மா குடையை மறந்துட்டு…"

குடை வந்த இடத்தில் அப்பாவின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். கற்றுக்கொள்கிறவர்கள் சுவரைப் பார்த்து வண்டியை விடும்போது பிரேக் மிதித்து மிதித்துப் பழகிய கால். அதே நேரம் அம்மாவின் விரல் உதட்டுக்குப் போய், "ஸ்ஸ்…" என்று வரும். அது வாழ்நாள் முழுக்க நூலகத்தில் பழகியது.

"ரெண்டு பேரும் சேந்து என்னை ஊமையாக்கிடுங்க," என்பாள் ரேடியோ.

நோயாளி வேடம் எப்போதும் தங்கச்சிக்குத்தான். கதவைத் திறந்து உள்ளே வரும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர்! கண்ணு இருட்டுது! என் பிள்ளைங்களைப் பாத்துக்கங்க!" என்று சோபாவில் சாய்ந்து நாக்கை வெளியே தள்ளுவாள்.

"கொஞ்ச நேரம் உயிரோட இருடி. நான் இன்னும் வணக்கமே சொல்லலை."

"எனக்கு அவ்வளவு நேரம் இல்ல டாக்டர்."

இப்படியாக நாளும் வந்தது. அப்பா தன் பயிற்சிக் காரிலேயே கூட்டிப்போனார். அதில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு. கூரைமேல் 'பழகுநர்' என்று பெரிய பலகையும் உண்டு. எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்த அப்பா, அன்றைக்குத் தெருமுனை திரும்புவதற்குள் மூன்று தடவை வண்டியை அணைத்துவிட்டார்.

"நகருங்கப்பா, நான் ஓட்டறேன்."

"இன்டர்வியூ உனக்கா எனக்கா? நான் நல்லாத்தான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே இறங்கி இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

அவள் ஓட்டினாள். அவர் தன் பக்கத்து பிரேக்கை விடவே இல்லை. பச்சை விளக்குக்குப் பிரேக். புறாவுக்குப் பிரேக். ஆளே இல்லாத ஒரு நடைபாதைக்குக்கூட மரியாதையாக ஒரு பிரேக். கல்லூரி வாசலில் இறங்கியபோது ரேடியோவின் தலைமுடி முன்பக்கம் வந்திருந்தது. அப்பா அதைச் சரிசெய்துவிட்டு, "சுருக்கமாப் பேசும்மா" என்றார். பிறகு ஒரு யோசனை வந்தவர்போல, "ரொம்பச் சுருக்கவும் வேண்டாம்" என்றார்.

இரண்டாவது சொன்னதை அவள் கேட்கவில்லை.

தேர்வு நடந்தது ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். இரண்டு வராந்தா, எதிரும் புதிருமாக. வராந்தாவுக்கு ஒரு வரிசை அறைகள். மணி அடித்ததும் கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்கவேண்டும். அடுத்த மணிக்கு உள்ளே போகவேண்டும். மறுபடி மணி அடித்தால், வாய் பாதி திறந்திருந்தாலும் மூடிக்கொண்டு வெளியே வந்துவிடவேண்டும். உள்ளே வந்த எல்லோர் நெஞ்சிலும் ஓர் எண் ஒட்டியிருந்தார்கள். டீ கொடுத்தவர் நெஞ்சிலும் ஓர் எண் இருந்தது. ரேடியோவுக்குப் பன்னிரண்டு.

முதல் அறைகளில் அவள் நல்ல பிள்ளையாக இருந்தாள். அதுதான் வினையாகிவிட்டது. நான்காவது அறையில் கட்டைக் குரலில் பேசும் ஒரு பேராசிரியர், தேர்வுக்கே தலைவர் அவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"டாக்டர் தொழில்ல கஷ்டம் எதுன்னு நினைக்கறீங்க?"

அவள் மனசுக்குள் மழை, குடை, முதலாளியம்மா எல்லாம் வரிசைகட்டி நின்றார்கள். அப்பாவின் கால் ஓங்கி மிதித்தது.

"காத்திருக்கறது சார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார்."

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி நேரம்கூடப் போகவில்லை. "வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

"இல்ல சார்."

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அங்கே ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அதுவும் பேசவில்லை. மணி அடிக்கும்வரை அந்த அறையில் கேட்ட ஒரே சத்தம் பேராசிரியரின் வயிற்றிலிருந்து வந்தது.

பிறகு டீ இடைவேளை. ரேடியோ ஒரு பிஸ்கட்டை டீயில் நனைத்தாள். அது பாதியில் உடைந்து டீக்குள் விழுந்து மூழ்கியது. தன் வாழ்க்கையும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு டீயோடு அதையும் குடித்தாள்.

ஐந்தாவது அறை மட்டும் இரண்டு வராந்தாவுக்கும் பொது. இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. உள்ளே நோயாளியாக நடிக்க ஒருவர் இருப்பார். ஒரு பக்கத்திலிருந்து ஒருவர் போய்வந்த பிறகுதான் மறுபக்கத்திலிருந்து அடுத்தவரை விடவேண்டும். இடைவேளைக்குப் பிறகு முதல் ஆள் எந்தப் பக்கம் என்று இரண்டு வாசலிலும் நின்ற மாணவர்களைக் கேட்டிருந்தால், இரண்டு பேருமே "எங்க பக்கம்தான்" என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள். காலையில் நடித்தவர் போய்விட்டார். புதிதாக ஒரு நடிகை வரவேண்டும். வந்துகொண்டும் இருந்தாள். ஆனால் அவள் ஏறிய லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் பெருமூச்சு விட்டு நின்றுபோனது. அது மேலே யாருக்கும் தெரியாது.

அறையின் ஒரு சுவரில் பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. பின்னால் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஜன்னல். அங்கே தேர்வாளர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் குழந்தை மருத்துவர் அம்மாள், இன்னொருவர் பருத்த உடம்புக்கார அறுவை மருத்துவர். ஒருவர் போடும் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசிக்கொள்ளவும் கூடாது என்பது விதி. புது நடிப்பாளர் ஆணா பெண்ணா என்று இருவருக்குமே தெரியாது.

ரேடியோ கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். 'உள்ளே இருப்பவர் வெகுநேரமாகக் காத்திருக்கிறார். அவருக்கு ஏதோ பயம் இருக்கிறது. தானாகச் சொல்ல மாட்டார். பேசித் தெரிந்துகொள்ளுங்கள்.'

மணி அடித்தது. அவள் கதவைத் திறந்தாள். அதே நொடி எதிர்க்கதவும் திறந்து, ஒரு நெட்டையான ஆள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். நடிகர்கள் பின்வாசல் வழியாக வருவார்கள்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார்.

"வணக்கம், உக்காருங்க," என்றார்கள் இருவரும்.

இருவரும் உட்கார்ந்தார்கள். நெட்டையரின் முட்டி மேசையில் இடித்து, மேலே இருந்த காகிதத் துவாலைப் பெட்டி துள்ளியது.

"ரொம்ப நேரமா காத்திட்டிருக்கீங்களா?" என்றார்கள் இருவரும்.

"ஆமா," என்றார்கள் இருவரும்.

ரேடியோ அவரை உற்றுப் பார்த்தாள். நெற்றியில் நிஜமான வியர்வை. கழுத்து நரம்பு துடிக்கிறது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்து, மேசையில் வைத்து, மறுபடி மடியில் வைத்தார். என்ன நடிப்பு! தங்கச்சியைக் கூட்டிவந்து இவர் காலடியில் உட்காரவைக்கவேண்டும். தானாகச் சொல்ல மாட்டார் என்று தாளில் இருந்தது நினைவுக்கு வர, அவள் நாக்கை மடக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

எதிரில் இருந்தவருக்கு வேறு கஷ்டம். அவர் சின்னக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர். பெரியவர்கள் முன்னால் வாய் வராது. காலையிலிருந்து நான்கு அறையிலும் ஆமாம், இல்லை என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இந்த அறையிலாவது பேசியே தீருவது என்று வாசலில் நின்று சத்தியம் செய்துகொண்டு வந்திருந்தார். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணோ உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முழித்துப் பார்க்கிறாள். பாவம், என்ன பயமோ.

"அவசரம் ஒண்ணும் இல்ல. தோணும்போது சொல்லுங்க," என்றார்.

அது நான் சொல்லவேண்டிய வசனம் ஆயிற்றே என்று நினைத்த ரேடியோ, தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் வேணா முதல்ல சொல்லட்டுமா? எனக்கும் பயம் உண்டு."

ஆகா, வாயைத் திறந்துவிட்டார்! ரேடியோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"நான் குழந்தைங்களுக்கு நீச்சல் சொல்லித் தரேன். என்னை ஒட்டகச்சிவிங்கி அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க. முதல் நாள் எல்லாரும் என் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தொங்குவாங்க. இறங்குன்னா இறங்க மாட்டாங்க. கீழ ஏதோ கடல் இருக்கற மாதிரி. தண்ணி எனக்கு முட்டி வரைக்கும்தான் இருக்கும்."

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பயப்படாதேன்னு மட்டும் சொல்லக் கூடாது. சொன்னா இன்னும் இறுக்கிப் பிடிப்பாங்க, எனக்கு மூச்சு நின்னுடும்."

"அப்ப என்ன சொல்வீங்க?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதில் என்னவாக இருக்கும் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்ட கேள்வி அது. அதற்குப் பின்னால் தன் கதை எதையும் தயாராக வைத்திருக்கவில்லை.

"உன் பயம் எப்படி இருக்கும், முகத்துல காட்டுன்னு சொல்வேன். ஒருத்தன் கன்னத்தை உப்புவான். ஒருத்தி கண்ணை மூக்குப் பக்கம் கொண்டுவருவா. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்ததும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துரும். சிரிச்சா பிடி தானா தளரும். அப்ப மெதுவா இறக்கி விட்டுடுவேன்." அவர் மூச்சு வாங்கினார். இவ்வளவு நீளமாகப் பெரியவர் யாரிடமும் பேசியதில்லை. அந்த வேகத்திலேயே, "உங்க பயம் எப்படி இருக்கும்? காட்டுங்களேன்" என்றார்.

மருத்துவக் கல்லூரித் தேர்வில் முகத்தைக் கோணலாக்கலாமா? ரேடியோ கண்ணாடியைப் பார்த்தாள். அப்பாவின் பிரேக்கைத் தேடினாள். அகப்படவில்லை. நோயாளி ஒரு அடி முன்னால் வந்திருக்கிறார், நாமும் போகாவிட்டால் எப்படி? கன்னத்தை உள்ளே இழுத்து, கண்ணை உருட்டி, புருவம் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் அனுப்பி, நாக்கை ஓரமாக நீட்டினாள்.

நெட்டையர் பதிலுக்குத் தன் பயத்தைக் காட்டினார். ஏற்கெனவே நீளமான முகம். அது இன்னும் நீண்டு, வாய் வட்டமாகி, கண் இரண்டும் வெளியே வந்து, குளத்திலிருந்து எட்டிப் பார்க்கும் ஏதோ ஒரு பிராணிபோல ஆகிவிட்டது.

அவ்வளவுதான். ரேடியோ வெடித்துச் சிரித்தாள். அவரும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ தொடையில் அறைந்துகொண்ட சத்தம் இவர்கள் காதில் விழவில்லை.

சிரிப்பு அடங்கியபோது அவள், "நிஜமா உங்களுக்கு எது பயம்?" என்றாள்.

"பெரியவங்க. கண்ணைப் பாத்தா வார்த்தை ஓடிப்போயிடும். ஆனா பாருங்க, உங்ககிட்ட இவ்வளவு பேசிட்டேன். அப்ப நீங்களும் பேசலாம். உங்களுக்கு எது?"

தயார் பண்ணி வைத்த பதில் எதுவும் அவளிடம் இல்லை. "எனக்குச் சும்மா இருந்தாப் பயம்," என்றாள். "நான் பேச்சை நிறுத்தினா, எதிர்ல இருக்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைக்கறாங்கன்னு கேட்டுடுமோன்னு."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவர் தலையசைத்தார். அறை அமைதியாக இருந்தது. அவள் பயந்ததுபோல ஒன்றும் கேட்கவில்லை.

மணி அடித்தது. இருவரும் எழுந்து கைகுலுக்கினார்கள்.

"ரொம்பப் பிரமாதமா நடிச்சீங்க," என்றார்கள் இருவரும்.

குலுக்கிய கை நடுவழியில் நின்றது.

"நீங்க… நடிகர் இல்லையா?" என்றாள் ரேடியோ.

"நான் முப்பத்தொண்ணு," என்று நெஞ்சில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். "நீங்க நோயாளி இல்லையா?"

"நான் பன்னெண்டு!"

சிரிப்புத் தாங்காமல் ரேடியோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெட்டையர் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தமே வராமல் குலுங்கினார். கண்ணில் நீர் கொட்டியது. துவாலைப் பெட்டியை அவளிடம் நீட்டினார். அவள் ஒன்று எடுத்துக்கொண்டு அவருக்கும் ஒன்று கொடுத்தாள். அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். "மன்னிச்சிருங்க, லிஃப்ட் நின்னுடுச்சு, இப்பதான் திறந்து விட்டாங்க. நான்தான் நோயாளி!"

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு தேர்வாளர்களும் ஓடிவந்தார்கள்.

"அந்த நெட்டை ஆள் நடிகர் இல்லையா? நான் பன்னெண்டுக்கு முழு மதிப்பெண் போட்டுட்டேனே!" என்றார் குழந்தை மருத்துவர்.

"என்னது? அந்தப் பொண்ணுதான் நோயாளின்னு நான் முப்பத்தொண்ணுக்குப் போட்டேன்!" என்றார் அறுவை மருத்துவர். "அவ அந்த முகத்தைக் காட்டினப்ப, நிஜமாவே ஏதோ வலிப்புன்னு எழுந்தே நின்னுட்டேன்."

விஷயம் தலைவரிடம் போனது. நான்காம் அறையின் கட்டைக் குரல் வந்து, நடந்ததை முழுவதும் கேட்டது. அவர் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. "எல்லாருக்கும் பயிற்சி எடுத்த நடிப்பாளர்தான் இருக்கணும். இது கணக்குல சேராது. ரெண்டு பேரும் கடைசியா மறுபடி செய்யட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வராந்தாவில் போய் நின்றபிறகு அவர் தோள் மட்டும் தனியாகக் குலுங்கியதை டீக்காரர் பார்த்திருக்கிறார்.

மறுபடி செய்வது என்பது சொல்வதற்குச் சுலபம். ரேடியோ மிச்ச அறைகளை எப்படியோ கடந்து, சாயங்காலம் ஐந்தாம் அறை வாசலில் வந்து நின்றபோது, அந்த நீண்ட முகம் மனசுக்குள் எட்டிப் பார்த்தது. உதட்டைக் கடித்தாள். உள்ளே சிரித்துவிட்டால் கதை முடிந்தது.

ஆனால் கதவைத் திறந்து நடிகையைப் பார்த்ததும் சிரிப்பு தானாக நின்றுவிட்டது. அந்தப் பெண் தன் பாடத்தை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். நாளைக்கு ஆபரேஷன், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, என்று. ரேடியோ கேட்டாள். பிரேக்குக்குப் பயந்து நாக்கை மடக்கிக்கொண்டு கேட்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று நிஜமாகவே கேட்டாள். கடையில் ஒரு மெஷினைக் காதோடு வைத்துப் பழுது கண்டுபிடிப்பதுபோல. குரல் ஒன்று சொல்ல, மூச்சு வேறொன்று சொன்னது. பேச்சு ஆபரேஷனைப் பற்றி. கண்ணோ திரும்பத் திரும்பக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தது.

"கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கட்டுமா?" என்று கேட்டாள் ரேடியோ.

நடிகை நிறுத்தினாள்.

"லிஃப்ட்ல ரொம்ப நேரம் தனியா இருந்தீங்களா?"

மடியில் இருந்த நடிகையின் கை நடுங்கியது. "இருட்டா ஆயிடுச்சு," என்றாள். "மணியை அமுக்கி அமுக்கிப் பாத்தேன், யாரும் வரலை." மேற்கொண்டு அவளுக்குப் பாடம் நினைவுக்கு வரவில்லை. ரேடியோ எழுந்து போய்க் கதவை அகலத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நடிகை லிஃப்டைப் பற்றிச் சொன்னாள். அதற்குள் இருந்த கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துப் பயந்ததையும், தைரியத்துக்காக ஆபரேஷன் வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததையும், வெளியே இருந்து கேட்ட மெக்கானிக், "ஐயோ, உள்ள நோயாளி இருக்காங்க!" என்று கத்தியதையும் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணி அடித்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பாடத்தையே மறந்துட்டேன், உங்களுக்கு மார்க் போயிடுமோ?" என்றாள் நடிகை கவலையாக.

"போனாப் போகுது. கை நடுக்கம் நின்னுடுச்சா?"

நடிகை கையைத் தூக்கிப் பார்த்தாள். நின்றிருந்தது.

வெளியே அப்பா காத்திருந்தார். ரேடியோவுக்குப் பின்னால் நெட்டையரும் வந்தார். அவரும் மறுபடி செய்து முடித்திருந்தார். "அந்த நடிகை அம்மாகிட்ட ஏழெட்டு வாக்கியம் பேசிட்டேன்," என்று அதையே ஒரு பட்டம்போலச் சொன்னார். அவரைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடுவதாக அப்பா ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் அவர் நான்காக மடிந்துதான் உட்காரமுடிந்தது. வழியெல்லாம் ரேடியோ நடந்ததைச் சொல்லச் சொல்ல, அப்பா சிரித்துச் சிரித்து, கடைசியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப கிடைக்குமா, கிடைக்காதா?" என்றார்.

"தெரியலப்பா," என்றாள். அதைச் சொல்லும்போதும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

முடிவு ஒரு மழை நாளில் வந்தது. நான்கு பேரும் வீட்டில் இருந்தார்கள். ரேடியோ போனைத் திறந்து படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு போனைத் தங்கச்சியிடம் கொடுத்தாள். தங்கச்சி படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். அது தலையில் இருந்தது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "யாராவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்!" என்று கத்தினார்.

"கிடைச்சிருச்சு!" என்று அம்மா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அதற்குப் பிறகு யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள், யார் நாற்காலியைத் தள்ளிவிட்டார்கள் என்பதெல்லாம் தெளிவாக இல்லை. நடுவில் நெட்டையரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை செய்தியாக வந்தது: 'எனக்கும்.' ரேடியோ அவரைக் கூப்பிட்டு மூச்சுவிடாமல் பேசினாள். அந்தப் பக்கம் அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சந்தோஷத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நான்கு பேரும் குடைகூட எடுக்காமல் தெருவில் இறங்கினார்கள். மூலையில் ஒரு ஐஸ்கிரீம் கடை இருந்தது. மழையில் ஐஸ்கிரீம் வாங்க யார் வருவார்கள் என்று கடைக்காரர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டு வந்த குடும்பத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்ன விசேஷம்?"

"எம் பொண்ணு டாக்டர்!" என்றார் அப்பா.

"அப்படியா!" கடைக்காரர் முகம் மலர்ந்தது. உடனே கட்டுப்போட்ட தன் கட்டைவிரலை மேசைக்கு மேலே நீட்டினார். "நல்ல நேரத்துல வந்தீங்க. இதைக் கொஞ்சம் பாருங்க டாக்டர். கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு. நேத்துலேருந்து விண்விண்ணுன்னு இருக்கு."

ரேடியோ அந்த விரலைப் பார்த்தாள். குனிந்து நன்றாகவே பார்த்தாள். அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க," என்றாள். "நான்தான் பாக்கணும்னா, ஆறு வருஷம் ஆகும்."

கடைக்காரர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இது தாங்காதும்மா. ஆறு வருஷத்துக்கு அப்புறம் வேற விரல்ல ஏதாவது வந்தா சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, பெரிய கரண்டியாகப் பார்த்து எடுத்தார்.